அஞ்சல்வழிச் சதுரங்கம் சதுரங்கமன்றோ?

அஞ்சல்வழிச் சதுரங்கம் என்று பேச்செடுத்த மாத்திரத்தில் சதுரங்க ஆர்வலர் பலருடைய முகத்தில் ஓர் இளநகை அரும்புவதை நாம் கண்டிருக்கிறோம். கடிகாரத்தின் நெருக்கடி இல்லை. எதிரில் ஆள் இல்லை. நூல்களைப் புரட்டலாம், காய்களை நகர்த்தியும் பார்க்கலாம். இதில் என்ன திறமை வேண்டிக்கிடக்கிறது என்பது அந்த நகைப்பின் பொருள். அண்மைக்காலத்தில் இதனோடு இன்னொரு வாதமும் சேர்ந்துகொண்டது. அந்தக் காலத்து அஞ்சல் ஆட்டங்களை இன்றைய கணிப்பொறியிடம் கொடுத்தால் அரை நிமிடத்தில் ஓட்டையைக் காட்டிவிடுகிறதே, ஓட்டையுள்ள கலத்தை ஏன் பூசிக்க வேண்டும் என்கிறார்கள். முதல் வாதம் பழைய ஏளனம். இரண்டாவது புதிய ஏளனம். இரண்டையும் நாம் மறுக்கிறோம். பொதுப்பட மறுப்பது எளிது. ஆகையால் ஒரே ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு மறுப்போம்.

அஞ்சல்வழிச் சதுரங்கத்தின் ஐந்தாம் உலக வாகையர் இறுதிச்சுற்று 1965 முதல் 1968 வரை நடந்தது. அதில் சோவியத் நாட்டு யாகோவ் எஸ்ட்ரின் வெள்ளைக்காய்களுடனும், அமெரிக்கரான ஹான்ஸ் பெர்லினர் கருப்புக்காய்களுடனும் மோதினர். பெர்லினர் 1929இல் ஜெர்மனியின் பெர்லின் நகரிற் பிறந்தவர்; நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1937இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போனவர். அந்த இறுதிச்சுற்றில் 16 ஆட்டங்களில் 12 வெற்றி, 4 சமன், தோல்வி ஒன்றுமில்லை என்ற கணக்கில் 14 புள்ளி பெற்று வாகை சூடினார். எஸ்ட்ரினும் இளைத்தவர் அல்லர். 1972இல் தொடங்கிய ஏழாம் வாகையர் சுற்றை வென்றவர் அவரே. நாம் பேசப்போகும் திறப்பைப் பற்றித் தனிநூலே எழுதியவர். இந்தச் செய்தியை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். சற்றுப் பொறுத்து இது நமக்குத் தேவைப்படும்.

அஞ்சலில் நகர்வுகள் எப்படிச் சென்றன என்பதே சுவையான செய்தி. மொழிக்கு மொழி காய்களின் பெயர் வேறு, எழுத்து வேறு. எனவே பன்னாட்டு அஞ்சல் ஆட்டத்தில் எழுத்தே வேண்டா என்று முடிவு கட்டி, எண்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நெடுவரிசைகளுக்கு இடமிருந்து வலமாக 1 முதல் 8. குறுக்குவரிசைகளுக்குக் கீழிருந்து மேலாக 1 முதல் 8. புறப்படும் கட்டத்துக்கு இரண்டு எண், சேரும் கட்டத்துக்கு இரண்டு எண். அரசன் முன் நிற்கும் காலாளை இரு கட்டம் தள்ளினால் 5254. அவ்வளவுதான். பனிப்போர்க் காலத்தில் இரு வல்லரசுகளுக்கிடையே இப்படி நான்கிலக்க எண்ணைத் தாங்கிய அட்டைகள் மாதக்கணக்கில் போய்வந்தன. பத்து நகர்வுக்கு முப்பது நாள் என்பது அன்றைய வழக்கமான கணக்கு. அஞ்சல் போய்ச்சேரும் நாள்கள் அதில் அடங்கா.

இனி ஆட்டத்துக்கு வருவோம். திறப்பின் பெயர் இரு குதிரைத் தற்காப்பு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியரான பொலேரியோ காலத்திலிருந்தே அறியப்பட்டது. தற்காப்பு என்ற பெயரைக் கண்டு யாரும் ஏமாற வேண்டா. பெயருக்குத்தான் தற்காப்பு, உள்ளே இருப்பது தீ. நான்காம் நகர்வில் வெள்ளைக் குதிரை 6375 என்று முன்னேறி, தன் அமைச்சரோடு சேர்ந்து கருப்பு அரசனுக்கு அருகிலுள்ள காலாளைக் குறிவைக்கிறது. பேரறிஞர் தார்ராஷ் இதனை அரைகுறை ஆட்டக்காரர் ஆடும் நகர்வென்று எள்ளினார். ஆனால் எள்ளுவது எளிது, தண்டிப்பது அரிது. கருப்பு தன் காலாளை எதிரே நீட்டித் தாக்குதலை மறிக்கிறது. வெள்ளை அதை வெட்டுகிறது. திருப்பி வெட்டுவதுதான் இயல்பு. பெர்லினரோ அதைச் செய்யாமல் 2725 என்று ஓரத்துக்கு அடுத்த காலாளை ஓட்டி அமைச்சரை விரட்டுகிறார். இவ்வழிக்கு அமெரிக்கரான உல்வெஸ்டாடின் பெயரும், அடுத்து வருகிற குதிரைப் பாய்ச்சலுக்கு ஜெர்மானியரான ஃப்ரிட்ஸின் பெயரும் உண்டு.

அமைச்சர் தொடக்கக் கட்டத்துக்கே திரும்பிவிடுகிறார். கருப்புக் குதிரை நடுவில் பாய்கிறது. வெள்ளைக் காலாள் அதைத் தாக்குகிறது. பெர்லினர் அதைக் கவனியாமல் மற்றொரு குதிரையால் காலாளை வெட்டுகிறார். பின்பு அரசி வெளியே வருகிறாள், அமைச்சரும் வருகிறார். பத்தாம் நகர்வில் வெள்ளை இன்னொரு காலாளைத் தள்ளி அந்த அமைச்சரையும் தாக்குகிறது. இப்போது கருப்பின் இரண்டு காய்கள் இரண்டு காலாள்களின் வாயில் நிற்கின்றன. ஒன்றையாவது காப்பாற்ற வேண்டுமல்லவா? பெர்லினர் அனுப்பிய அட்டையில் இருந்தது 5554. இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு நடுக்காலாளை ஒரு கட்டம் நகர்த்தினார். எஸ்ட்ரின் குதிரையை வெட்டினார். அடுத்த அட்டை 6846, இன்னோர் அமைச்சரும் களத்துக்கு வந்தார். வெள்ளை அமைச்சர் ஒரு காலாளையும் தின்று முற்றுகை வைக்க, கருப்பு அரசன் கோட்டை கட்டும் உரிமையைத் துறந்து பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தான். ஒரு குதிரையும் ஒரு காலாளும் குறைவு. அரசனோ நடுத்தெருவில் நிற்கிறான்.

இந்த இடத்தில்தான் ஏளனக்காரர் முதல் வாதத்தை எழுப்புவர்: 'இதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து நூலைப் பார்த்துச் செய்தது.' நாமும் நூலைப் பார்த்துச் செய்ததென்றே வைத்துக்கொள்வோம். எந்த நூலை? இத்திறப்பைப் பற்றி நூல் எழுதக்கூடியவர் எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருக்கிறாரே! நூல் வெல்லும் என்றால் வென்றிருக்க வேண்டியவர் எஸ்ட்ரின். நூல் இருவர்க்கும் பொது. ஆகவே அது எவர்க்கும் துணையில்லை. நூல் முடிகிற இடத்தில் எவன் தொடங்குகிறான் என்பதே அஞ்சல் ஆட்டத்தின் போட்டி. திறந்தநூல் தேர்வு மாணவர்க்கு எளிது என்று சொல்வோர் அத்தேர்வை ஒருமுறையும் நடத்திப் பார்த்தவர் அல்லர். நாம் நடத்தியிருக்கிறோம். மனப்பாடத்தின் மறைவு கிடைக்காத மாணவன் அதில் படும் பாட்டை நாம் அறிவோம். நூலை மூடிவைத்துக் கேட்டால் 'மறந்துவிட்டது ஐயா' என்று ஒரு வாசலாவது இருக்கிறது. திறந்துவைத்துக் கேட்டால் அந்த வாசலும் அடைபட்டுவிடுகிறது.

விரைவே அறிவு என்ற மயக்கம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. வள்ளுவர் காலமறிதல் பாடினார், இடனறிதல் பாடினார், தெரிந்துசெயல்வகை பாடினார். விரைந்துசெயல்வகை என்றோர் அதிகாரம் பாடவில்லை. நம் மரபு நால்வகைக் கவி வகுத்தபோது ஆசுகவியை முதலில் வைத்தது உண்மையே. கொடுத்த மாத்திரத்தில் பாடுவது பெரிய ஆற்றல்தான். அதை யார் மறுத்தார்? ஆனால் ஆசுகவி ஒன்றே கவி, இருந்து எண்ணிப் பாடிய மூன்றும் கவியல்ல என்று எந்தப் பாட்டியலும் சொன்னதில்லை. சதுரங்கத்தில் மட்டும் ஏன் அந்தக் குருட்டுச் சட்டம்? வரலாறும் அச்சட்டத்துக்குத் துணைநிற்கவில்லை. 1824 முதல் 1828 வரை இலண்டன் கழகமும் எடின்பரோ கழகமும் அஞ்சலில் ஆடின, எடின்பரோ வென்றது, ஸ்காட்லாந்துத் திறப்பு என்று இன்றும் நேரடிக் களத்தில் ஆடப்படுவது அந்தப் போட்டியாற் பெயர் பெற்றதே. எஸ்தோனியாவில் வளர்ந்த பால் கெரஸ் இளமையில் அஞ்சல் ஆட்டங்களில் மூழ்கித்தான் தம் வாளைத் தீட்டினார். அலெகைனும் சிறுவயதில் அஞ்சலில் ஆடியவர். எவருடைய நேரடி ஆட்டத்தைக் கண்டு வியக்கிறார்களோ, அவர்களிற் சிலர் பயின்ற பள்ளியையே இகழ்வது என்ன நியாயம்?

இரண்டாவது வாதம் இதைவிடக் கனமானது. அதற்குரிய மரியாதையோடு அதை அணுகுவோம். பதினான்காம் நகர்வில் பெர்லினர் யானையை நகர்த்தி வெள்ளை அமைச்சரைத் தாக்கினார். எஸ்ட்ரின் 2552 என்று அமைச்சரைப் பின்னிழுத்தார். அங்கே பின்வாங்காமல் 1214 என்று ஓரக்காலாளை இரு கட்டம் ஏற்றி அமைச்சருக்கு அரண் செய்திருந்தால் வெள்ளைக்கு நலமாக முடியும் என்று பின்வந்த ஆய்வாளர் காட்டினர். இன்றைய கணிப்பொறியும் இந்தத் திறப்பு முழுவதையும் வெள்ளைக்குச் சாதகமென்றே மதிப்பிடுகிறது. இது உண்மை. மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இதிலிருந்து என்ன முடிவு பெறுவது? உரையாசிரியர் ஒருவர் தமக்குக் கிடைத்த ஏட்டில் உள்ள பாடத்தைக் கொண்டு உரை வகுக்கிறார். நூற்றாண்டுகள் கழித்து வேறோர் ஏடு கிடைத்து, அவர் கொண்ட பாடம் பிழையென்று தெரிகிறது. பாடம் பிழை, சரி. அவருடைய உரைநுட்பமும் அதனோடு எரிந்துபோயிற்றா? பிழைப்பாடத்தின்மேல் எழுந்த உரையில் இலக்கணம் கற்றவர் எத்தனை தலைமுறை! கணிப்பொறி மறுத்தது திறப்பின் ஒரு கிளையை. அந்த மறுப்பைத் தாங்கியது ஒரே ஒரு நகர்வு. மீதமுள்ள 27 நகர்வுகளை அது மறுக்கவில்லை. அவற்றை ஏளனக்காரர் பார்ப்பதே இல்லை. ஏளனக்காரர் மட்டுமா? இந்த ஆட்டத்தின் அடியார்களும் பார்ப்பதில்லை. 5554 என்ற பலியைப் பாடிவிட்டு, 'பிறகு கருப்பு வென்றது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அடியார்களின் இந்தச் சோம்பல்தான் ஏளனக்காரர்க்கு ஆயுதம். பத்தாம் நகர்வே ஆட்டம் என்று நீங்களே சொல்லிவிட்டால், பதினைந்தாம் நகர்வில் அவர்கள் உங்களைக் கவிழ்ப்பது எளிதல்லவா?

ஆகவே மீதத்தையும் பார்ப்போம். பெர்லினர் தம் அமைச்சரைக் கொடுத்து யானையைப் பெற்றார்; அரசி ஒரு காலாளைத் தின்று முற்றுகை வைத்தாள்; மற்றை அமைச்சர் வெள்ளைக் குதிரையோடு மாண்டார். பதினெட்டாம் நகர்வில் பலகையை நிறுத்திக் கணக்கெடுத்தால், இரு சிறுகாய்களுக்கு ஈடாகக் கருப்பிடம் ஒரு யானை மிகுதி. காலாள் இருபக்கமும் ஐந்தைந்து. பெரும் நட்டமில்லை, பெரும் இலாபமும் இல்லை. கணக்குப்பிள்ளை இங்கே பேரேட்டை மூடிவிடுவார். ஆனால் வெள்ளையின் அரசிப்பக்கத்தைப் பாருங்கள்: யானை, குதிரை, அமைச்சர், அரசி நால்வரும் அடுக்கிவைத்த இடத்திலேயே இருக்கிறார்கள்! பதினெட்டு நகர்வு ஆடிய பின்னும் அந்த நால்வரில் ஒருவர்கூட அசையவில்லை. கருப்பின் யானை 2826 என்று எழுந்து மறுகோடிக்குத் தாவப் பார்க்கிறது, அங்கே மூலையில் வெள்ளை அரசன் தனியே நிற்கிறான்.

எஸ்ட்ரின் நன்றாகவே போராடினார். தம் அமைச்சரைக் கொண்டுவந்து அரசன்முன் திரையிட்டார். பெர்லினர் இரண்டு காலாள்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏவி அத்திரையைக் கிழிக்கப் பார்த்தார். வெள்ளைக் குதிரை இருபத்துநான்காம் நகர்வில் கருப்பு அரசியையும் யானையையும் ஒருங்கே கவ்வியது. அரசி தப்பினாள், யானை மாண்டது, பதிலுக்கு அமைச்சர் மாண்டார். இருபத்தெட்டாம் நகர்வு முடிந்தபோது அரசிகளும் போய், ஆளுக்கோர் யானையும் சில காலாள்களும் மட்டும் மிஞ்சின. கருப்பிடம் நான்கு காலாள், வெள்ளையிடம் மூன்று. அத்தனை தீயும் எரிந்து அடங்கியபின் கையில் இருந்தது ஒரு காலாள் மிச்சம்.

யானை முடிவாட்டம் எவ்வளவு வழுக்கும் என்பது ஆடியவர்க்குத் தெரியும். ஒரு காலாள் மிகுதியை வைத்துக்கொண்டு வெல்ல முடியாமல் கைகட்டி எழுந்தவர் எண்ணிலர். இங்கே முப்பத்தோராம் நகர்வில் வெள்ளை யானை கருப்பின் ஒரு காலாளைக் குறிவைத்து நிற்கிறது. இருப்பதே ஒன்று கூடுதல், அதையும் இழப்பதா? எவரும் காக்கவே நினைப்பர். பெர்லினரின் அட்டையில் இருந்தது 8838. யானையைக் காலாளுக்குத் துணையாக வைக்காமல் திறந்த நெடுவரிசைக்குக் கொண்டுபோனார். எஸ்ட்ரின் காலாளை வெட்டினார். உடனே கருப்பு யானை ஒரு கட்டம் இறங்கி யானைப் பரிமாற்றத்துக்கு அழைத்தது. ஏற்றால் அரசன்களும் காலாள்களும் மட்டும் மிஞ்சும். கருப்பின் வலக்கோடிக் காலாளைத் தடுக்க வெள்ளை அரசன் ஓட வேண்டும். மற்றைப் பக்கம் பாழாகும். ஏற்கவில்லை; வெள்ளை யானை பின்வாங்கியது. அந்த இடைவெளியில் கருப்பு அரசன் புறப்பட்டான். நடுத்தெருவில் நிற்கிறானே என்று பன்னிரண்டாம் நகர்வில் நாம் இரங்கிய அதே அரசன், பலகையின் நடுவே நடந்துபோய்த் தன் கையாலேயே ஒரு காலாளை வெட்டி, எதிரியின் இரண்டாம் வரிசைக்குள் நுழைந்துவிட்டான். நாற்பத்திரண்டாம் நகர்வில் கருப்புக் காலாள் அரசியாவதற்கு இரண்டே கட்டம் இருந்தபோது எஸ்ட்ரின் பணிந்தார்.

8838 என்ற அட்டையை எந்த நூலைப் புரட்டி எழுதுவது? அங்கே நூல் இல்லை. திறப்பாய்வு இல்லை. காலாளை விட்டுக்கொடுத்து அரசனின் வழியை வாங்கலாம் என்ற எண்ணம் மட்டுமே இருந்தது. அந்த எண்ணத்தைப் பல நகர்வு தூரம் சரிபார்க்கும் பொறுமை இருந்தது. கடிகாரம் அடித்துக்கொண்டிருந்தால் காத்திருப்பார்கள், காலாளைத்தான். அவகாசம் இருந்ததால் மெத்தனம் வரும் என்கிறார்களே, இங்கே அவகாசம் துணிவைத் தந்திருக்கிறது. அட்டையை அஞ்சற்பெட்டியில் போட்டபின் 'அவசரத்தில் ஆடிவிட்டேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. ஒவ்வொரு நகர்வுக்கும் ஆடியவனே முழுப்பொறுப்பு. நேரடி ஆட்டத்தில் பாதிக் குற்றத்தைக் கடிகாரம் சுமக்கிறது.

கணிப்பொறியைக் காட்டிப் பெர்லினரை அச்சுறுத்துவோர்க்கு இன்னொரு செய்தி. வாகை சூடியபின் அவர் என்ன செய்தார் தெரியுமா? கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கணிப்பொறிக்குச் சதுரங்கம் கற்பிப்பதையே ஆய்வாக எடுத்து 1974இல் முனைவர் பட்டம் பெற்றார். எந்திரம் தன் பார்வை எட்டும் தொலைவுக்குள் வரப்போகும் இழப்பைத் தவிர்க்க முடியாதபோது, வீண் நகர்வுகளை இடையிற் செருகி அந்த இழப்பைப் பார்வைக்கு அப்பால் தள்ளிவிட்டு, தப்பிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். இந்நோய்க்கு 'அடிவான விளைவு' என்று பெயரிட்டவர் அவரே. அவர் எழுதிய பேக்கமன் நிரல் 1979இல் அவ்வாட்டத்தின் உலக வாகையரான லூயிஜி வில்லாவை 7-1 என்று வென்றது. அவருடைய தலைமையில் உருவான ஹைடெக் என்னும் சதுரங்கப் பொறி 1988இல் கிராண்ட்மாஸ்டர் ஆர்னால்டு டென்கரை வீழ்த்தியது. எந்திரத்தின் பார்வைக்கு எல்லை உண்டென்று காட்டியவரும் அவரே. அந்த எல்லையைத் தள்ளிவைக்க உழைத்தவரும் அவரே. அவரை எந்திரத்தின் பகைவர்போல் ஒரு கட்சியில் நிறுத்துவது அறியாமை.

அவரும் குறையற்றவர் அல்லர். 1998இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். நான்காம் நகர்வின் அந்த வெள்ளைக் குதிரைப் பாய்ச்சல் மரணப்படுக்கையில் கிடக்கிறதென்று தலைப்பிலேயே பறைசாற்றினார். நோயாளி எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்; இன்றும் கிராண்ட்மாஸ்டர்கள் அதனை ஆடுகின்றனர். வென்றவர்க்குத் தம் ஆயுதத்தின்மேல் ஏற்படும் அளவுகடந்த பற்று அது. 2017இல் அவர் மறைந்தார்.

இன்று அஞ்சலட்டை போய் இணையவழிச் சேவையகம் வந்துவிட்டது. பன்னாட்டு அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பின் போட்டிகளில் கணிப்பொறியின் துணையும் விதிப்படியே அனுமதி. விளைவாக உயர்நிலை ஆட்டங்களிற் பெரும்பாலானவை சமனில் முடிகின்றன. இன்றைய நிலையைச் சொல்லி இவ்விளையாட்டைக் குறைகூறுவோரோடு நமக்குப் பெரிய வழக்கில்லை. 1965இல் அட்டை எழுதியவர் மேசையில் பலகையும் நூல்களும் விளக்கும்தான் இருந்தன. இன்றைய குற்றத்துக்கு அவரைக் கூண்டில் ஏற்ற வேண்டா என்பதே நம் வேண்டுகோள்.

இன்னும் ஐயமுடையோர் ஒன்று செய்யலாம். இந்த ஆட்டம் எளிதிற் கிடைக்கிறது. பலகையை விரித்து, கணிப்பொறியை அணைத்துவிட்டு, முப்பத்தோராம் நகர்வில் வெள்ளை யானை காலாளைக் குறிவைக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கருப்பின் பக்கம் அமருங்கள். நூல் வேண்டுமானால் எத்தனை வேண்டுமானாலும் திறந்துவைத்துக்கொள்ளலாம். நேரக்கட்டு இல்லை. மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள், முப்பது நாள் எடுத்துக்கொண்டாலும் சரி. பிறகு நான்கிலக்க எண் ஒன்றை ஓர் அட்டையில் எழுதுங்கள்.